உளிக்கோடு

ஒருத்தருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சொல்ல நம் ஊர்ப்பக்கம் 'மரை கழண்டவன்' என்பார்கள். இதை முதலில் சொன்னவர் ஏதாவது பட்டறையில் வேலை பார்த்தவராகத்தான் இருந்திருக்க வேண்டும். கழண்ட மரை பார்வைக்குத் தெரியாது. நட்டு இருக்கிற இடத்தில்தான் இருக்கும், வண்டியும் ஓடும். ஏதோ ஒரு மேட்டில், ஏதோ ஒரு ராத்திரியில்தான் விஷயம் வெளியே வரும்.

நான் எழுதப்போவது நிஜமான மரையைப் பற்றி. ஒரு லாரி இன்ஜினில் டர்போவைப் பிடித்து வைத்திருக்கும் நான்கு நட்டுகளைப் பற்றி. நான்கு நட்டுக்கு இவ்வளவு நீளக் கட்டுரையா என்று தோன்றலாம். என் தாய்மாமா அந்த நான்கு நட்டுகளால் ஒரு வருஷத்துக்கு மேல் சரியாகத் தூங்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாமாவுக்கு நாமக்கல்லில் ஒரே ஒரு லாரி. பன்னிரண்டு சக்கரம். போகும்போது சேலத்து ஜவ்வரிசி, வரும்போது தாவணகெரே பக்கமிருந்து கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம். பதினெட்டு வருஷமாக ஒரே டிரைவர். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். ஒரு ராத்திரி கிருஷ்ணகிரி தாண்டி மேடு ஏறும்போது கேபினுக்குள் எண்ணெய் கருகுகிற வாசம் வந்திருக்கிறது. ஓரங்கட்டி, சீட்டுக்கு நடுவே இருக்கும் இன்ஜின் மூடியைத் தூக்கினால் உள்ளே தீ. தீயணைப்பான் பாதியில் தீர்ந்துவிட, ரோட்டோர மண்ணை இரண்டு கையாலும் அள்ளிப் போட்டு அணைத்திருக்கிறார். காலையில் பார்த்தபோது டர்போ ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. நான்கு நட்டில் ஒன்றைக் காணோம், ஒன்று பாதி மரையில் தொங்கிக்கொண்டிருந்தது. சாய்ந்த டர்போ தன் எண்ணெய்க் குழாயை முறுக்கி விரிசல் விட வைத்து, அந்த எண்ணெய் பழுக்கக் காய்ந்த இரும்பின் மேல் சொட்டியிருக்கிறது.

வண்டிக்குப் பெரிய சேதமில்லை. அண்ணனுக்கு இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம். மாமாவைத் தூங்கவிடாமல் செய்தது அந்தக் கைகள்தான் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு வண்டி தொப்பூர்க் கணவாய் ஏறுகிற நேரம் எதுவானாலும் மாமா முழித்திருப்பார். அண்ணன் தன் பங்குக்குச் சட்டைப் பையில் இரண்டு உபரி நட்டும், சீட்டுக்கடியில் பதினேழாம் நம்பர் ஸ்பேனரும் வைத்துக்கொண்டார். டீக்குடிக்க நிறுத்துகிற இடத்திலெல்லாம் மூடியைத் தூக்கி நட்டுகளை ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார். சூட்டில் தொட முடியாது. ஆனால் இறுகின நட்டு 'கிண்' என்கும், தளர்ந்தது 'தொட்' என்கும்.

ஊரடங்கில் நான் பெங்களூரிலிருந்து ஊருக்கு வந்து, திண்ணையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வேலை பார்த்த சமயம் அது. மாமா கேட்டார்: "மாப்ளே, நீ மெக்கானிக்கலுக்குத்தானே படிச்ச? ஒரு நட்டு ஏன் கழலுதுன்னு சொல்லு பாக்கலாம்."

நம் ஊரில் மெக்கானிக்கல் படித்துவிட்டு சாஃப்ட்வேருக்குப் போன எல்லோரிடமும் ஏதாவது ஒரு சொந்தக்காரர் ஒருநாள் இப்படிக் கேட்பார். பரண்மேலிருந்து பிஎஸ்ஜி டிசைன் டேட்டா புக்கை எடுத்தேன். பரீட்சை ஹாலுக்குள் கொண்டுபோக அனுமதிக்கப்பட்ட ஒரே புத்தகம் என்பதால் அதன்மேல் எனக்கு எப்போதும் ஒரு பாசம் உண்டு.

முதலில் போல்ட் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பெரும்பாலோர் அதை ஆணி மாதிரி நினைக்கிறோம்; இரண்டு இரும்பைக் குத்திச் சேர்த்து வைக்கிற ஒன்று. அது உண்மையில் ஒரு ஸ்ப்ரிங். நட்டைத் திருகும்போது போல்ட் நீள்கிறது. நீண்டது சுருங்கப் பார்க்கிறது. அந்தச் சுருங்கும் ஆசைதான் இரண்டு தகடுகளையும் சேர்த்து அழுத்துகிறது. 10 மி.மீ. தடிமனுள்ள, 8.8 என்று தலையில் குத்திய சாதாரண போல்ட்டைச் சரியாக இறுக்கினால் கிட்டத்தட்ட இரண்டரை டன் இழுவிசையில் நிற்கும். அதற்காக அது எவ்வளவு நீள்கிறது தெரியுமா? பிடிக்கும் கனம் 30 மி.மீ. என்றால் சுமார் 0.06 மி.மீ. ஒரு தலைமுடியின் கனம். டர்போ நிற்பது இந்த முடிக்கனத்தில்தான்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. ஸ்பேனரில் நாம் போடுகிற பலத்தில் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை நீட்டுவதற்குப் போகிறது. கிட்டத்தட்ட ஐந்து பங்கு நட்டுக்கு அடியில் உரசுவதிலும், நான்கு பங்கு மரைக்குள் உரசுவதிலும் கரைந்துவிடும். மரையில் துரு இருந்தால் அந்த ஒரு பங்கும் பாதியாகும். எண்ணெய் இருந்தால் இரண்டு பங்காகிப் போல்ட்டே அறுந்துபோகலாம். 'நல்லா டைட்டா முறுக்கியிருக்கேன்' என்று ஒருவர் மூச்சு வாங்கச் சொன்னால், நன்றாக உரசியிருக்கிறார் என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம்.

உரசல்தான் இத்தனையும் தின்கிறது என்றால், அதே உரசல் நட்டைத் திரும்பக் கழலவிடாமல் பிடித்துக்கொள்ள வேண்டுமே? இங்கேதான் ஒரு பெயர் வருகிறது. கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர். 1969ல் அவர் வெளியிட்ட ஆய்வுக்கு முன்பு வரை, போல்ட்டின் நீளவாக்கில் வரும் அதிர்ச்சிதான் நட்டைக் கழற்றுகிறது என்று பலரும் நம்பியிருந்தார்கள். யுங்கர் ஒரு எந்திரம் செய்து, இறுக்கிய தகடுகளைக் குறுக்குவாட்டில் ஆட்டிக் காட்டினார். குறுக்கே ஒரு சிறு வழுக்கல் இருந்தால் போதும், நன்றாக இறுக்கிய நட்டுகூடத் தானாகவே சுற்றிக் கழன்று வந்துவிடும்.

இதை மாமாவுக்கு விளக்க அத்தையின் முறத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். முறத்தில் அரிசியைப் போட்டு லேசாகச் சாய்த்துப் பிடித்தால் அரிசி அப்படியே நிற்கும். சரிவு இருக்கிறது, ஆனால் உரசல் விடவில்லை. இப்போது முறத்தைப் பக்கவாட்டில் தட்டுங்கள். அரிசி கீழ்நோக்கி இறங்கும். நீங்கள் கீழே தள்ளவில்லை, பக்கவாட்டில்தான் தட்டினீர்கள். ஒரு திசையில் வழுக்கத் தொடங்கிவிட்ட பொருளுக்கு மற்ற திசையில் உரசல் கிட்டத்தட்ட இல்லாமல் போய்விடும். மரை என்பது உருளையின் மேல் சுற்றிய ஒரு சரிவு, முறத்தைச் சுருட்டி வைத்த மாதிரி. அத்தை, "அரிசியக் கீழ கொட்டாம பாடம் நடத்துங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மாமா உடனே கேட்டார்: "அதுக்குத்தானே ஸ்ப்ரிங் வாஷர் போடறோம்?"

இந்த இடத்தில் நான் கொஞ்சம் கறாராகவே பேசுவேன். வெட்டுப்பட்ட வளையம் மாதிரி இருக்கும் ஸ்ப்ரிங் வாஷர், மனநிம்மதிக்காக விற்கப்படுகிற ஒரு சாமான். நட்டை முழுதாக இறுக்கியதும் அது தட்டையாகிவிடும். அதன் ஸ்ப்ரிங் பலம் போல்ட்டின் இழுப்புக்கு முன்னால் யானைப் பசிக்குச் சோளப்பொறி. 1990ல் நாசா வெளியிட்ட ஃபாஸ்னர் டிசைன் கையேடும் இதைத்தான் சொல்கிறது: முழுதாக இறுக்கிய பின் அது சாதாரணத் தட்டை வாஷருக்குச் சமம், பூட்டி வைக்கும் குணம் அதற்கு இல்லை. ஜெர்மனியில் அதற்கென இருந்த டின் 127 என்ற தரநிர்ணயத்தையே பிற்பாடு விலக்கிக்கொண்டார்கள். இதெல்லாம் சாதாரண வெப்பத்தில். டர்போவின் சூட்டில் ஸ்ப்ரிங் எஃகின் பதமே இறங்கிவிடும். ஆனாலும் நம் ஊரில் எந்த ஹார்டுவேர் கடையில் போல்ட் வாங்கினாலும் கேட்காமலே ஒரு ஸ்ப்ரிங் வாஷரைச் சேர்த்துக் கட்டிக் கொடுப்பார்கள், கறிவேப்பிலை கொசுறு மாதிரி.

சூடு என்று சொன்னேன். எவ்வளவு சூடு என்பதைச் சொல்லியாக வேண்டும். இன்ஜினிலிருந்து வெளியேறும் புகை, டர்போவின் உள்ளே இருக்கும் சக்கரத்தை நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்று அளவுக்குக்கூடச் சுழற்றும். பாரம் ஏற்றிய டீசல் வண்டி மேடேறும்போது அந்தப் புகை 700 டிகிரி செல்சியஸைத் தொடும். பெட்ரோல் இன்ஜினில் 950 கூடப் போகும். இருட்டில் பார்த்தால் டர்போவின் இரும்பு மங்கிய சிவப்பில் தெரியும். நட்டு கழலாமல் இருக்க மனிதன் கண்டுபிடித்த நல்ல உபாயங்களில் பாதி இந்த இடத்தில் உதவாது. நைலான் வளையம் வைத்த நட்டு 120 டிகிரி வரைதான் தாங்கும், அதற்கு மேல் இளகிப் பிடி விட்டுவிடும். மரையில் விடுகிற பூட்டுப் பசை, 1953ல் அமெரிக்காவில் வெர்னான் கிரீபிள் என்ற வேதியியல் பேராசிரியர் உருவாக்கியது, அற்புதமான சரக்கு. காற்றில்லாத இடத்தில்தான் இறுகும் என்பதால் மரையிடுக்கில் போனதும் கல்லாகிவிடும். அதன் சாதாரண வகைகள் 150 முதல் 180 டிகிரி வரை. டர்போவின் காற்று உறிஞ்சும் பக்கத்துக்குச் சரி. புகைப் பக்கத்தில் முதல் மேட்டிலேயே சாம்பல்.

சூட்டுக்கு என்ன வழி என்று கேட்டபோது கடைக்காரர் ஒருவர் மாமாவிடம் பளபளவென்று எஸ்.எஸ். ஸ்டட்டும் எஸ்.எஸ். நட்டும் எடுத்துக் கொடுத்திருந்தார். துருப் பிடிக்காது, விலையும் அதிகம், அதனால் நல்லது. பாத்திரக் கடை நியாயம். மாமா அதைப் போடும் முன் என்னைக் கேட்டார். நல்ல வேளை.

சூடானால் எல்லா உலோகமும் நீளும், ஆனால் ஒரே அளவில் இல்லை. டர்போவின் வார்ப்பிரும்பு, ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 11 முதல் 13 மைக்ரான். சாதாரண எஃகும் கிட்டத்தட்ட அதே. எஸ்.எஸ். மட்டும் 17, 18. ஐந்து மைக்ரான் வித்தியாசம் என்றே வைத்துக்கொள்வோம். 30 மி.மீ. கனம், 500 டிகிரி உயர்வு. பெருக்கினால் 0.075 மி.மீ. இரும்பு நீண்டதைவிட ஸ்டட் அவ்வளவு கூடுதலாக நீண்டிருக்கும். நாம் இறுக்கியபோது அது இழுபட்டதே வெறும் 0.06 மி.மீ. தான். அதாவது வண்டி தொப்பூர் ஏறும்போது, எவரும் தொடாமலே, நட்டு ஒரு சுற்றுக்கூடக் கழலாமலே, இரண்டரை டன் இறுக்கம் பூஜ்யமாகியிருக்கும். கீழே இறங்கிக் குளிர்ந்ததும் மறுபடி இறுகிவிடும். பட்டறையில் நிறுத்திப் பார்த்தால் 'கிண்' என்று சொல்லும்.

பறையைத் தீயில் காட்டினால் தோல் விறைத்து இறுகும். போல்ட் அந்த ஜாதி இல்லை.

எஸ்.எஸ்.ஸில் இன்னொரு தொல்லை, மரையும் மரையும் உரசி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பாதியில் சிக்கினால் முன்னேயும் போகாது பின்னேயும் வராது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். எஸ்.எஸ். கெட்ட உலோகம் என்று சொல்லவில்லை. டர்போவும் பைப்பும் எஸ்.எஸ்.ஸாக இருந்தால் ஸ்டட்டும் அந்தக் குடும்பத்தில் இருப்பதுதான் சரி. வார்ப்பிரும்போடு ஒத்து நீளக்கூடிய, அந்தச் சூட்டிலும் வலு குறையாத உலோகம் வேண்டுமென்றால் இன்கொனல் மாதிரி நிக்கல் கலவைகள் உண்டு. விலைதான் கண்ணைக் கட்டும். ஆக முதலில் பார்க்க வேண்டியது பொருத்தம். ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்க்கிற ஊரில் இந்த ஒரு பொருத்தத்தை யாரும் பார்ப்பதில்லை.

எஸ்.எஸ். கடைக்கே திரும்பிப் போனது. மெக்கானிக் அண்ணன், லேத்தில் கடைந்த இரும்பு ஸ்டட்டுகளையே போட்டு, மேலே டபுள் நட்டு கொடுத்து இறுக்கினார். அவரும் சும்மா விடவில்லை. நட்டிலிருந்து அதன் கீழிருக்கும் இரும்பு வரைக்கும் சேர்த்து உளியால் ஒரு கோடு வெட்டினார். பெயின்ட்டில் கோடு போட்டால் எரிந்துவிடும், உளிக்கோடு நிற்கும். நட்டு ஒரு துளி திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக் கொடுத்துவிடும்.

வண்டி இரண்டு நடை தாவணகெரே போய் வந்தது. மூன்றாவது நடை முடிந்து பட்டறைக்கு வந்தபோது நானும் போயிருந்தேன். இரண்டு முகங்களும் சேரும் இடத்தைச் சுற்றிலும் கரி படிந்திருந்தது, புகை கசிகிறது என்று அர்த்தம். ஆனால் உளிக்கோடுகள் நான்கும் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தன. மெக்கானிக் அண்ணன் ஸ்பேனரை வைத்து ஒரு விரலால் தள்ளினார். நட்டு திரும்பியது.

"கோடு நேராத்தான் நிக்குது தம்பி. ஆனா நட்டு செத்துப் போச்சுங்க."

"கழலவே இல்லையே, அப்பறம் எப்படிய்யா லூஸாச்சு?" என்றார் மாமா.

எனக்கு இந்த விஷயம் முழுதாகப் புரிந்தது அந்த நிமிஷத்தில்தான். கழலாமல் இருப்பது வேறு, இறுகி இருப்பது வேறு. கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் பின்னியபோது தட்டினால் மேளம் மாதிரி ஒலிக்கும். ஆறு மாதத்தில் தொட்டில் மாதிரித் தொங்கும். ஒரு முடிச்சுகூட அவிழ்ந்திருக்காது. கயிறுதான் நீண்டு இளகியிருக்கும். பழுக்கக் காய்ந்த எஃகும் அப்படித்தான். 8.8 வகைப் போல்ட்டைப் பதப்படுத்தும்போது கடைசியாகச் சூடேற்றும் வெப்பத்துக்குத் தரநிர்ணயம் சொல்லும் குறைந்தபட்ச அளவு 425 டிகிரி. வேலை செய்யும் இடத்தின் சூடு அதை நெருங்கினாலோ தாண்டினாலோ, எஃகு தன் பதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்து, இழுத்த இழுப்புக்கு நிரந்தரமாக இணங்கிவிடும். லேத்தில் கடைந்த சாதா இரும்புக்கு அந்தப் பதமும் கிடையாது. இதோடு கேஸ்கட்டும் சூட்டில் நசுங்கிக் கனம் குறையும். மொத்தமே முடிக்கனம்தான் கையிருப்பு. அதில் 0.02 மி.மீ. போனாலே மூன்றில் ஒரு பங்கு இறுக்கம் போச்சு.

பூட்டுகிற சாமான்கள் எல்லாவற்றையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் பிரிக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். இது திரும்புவதைத் தடுக்கிறதா, இழுப்பைக் காக்கிறதா? மாட்டுவண்டியின் கடையாணி முதல் ஜாதி. சக்கரம் அச்சில் லொடலொடவென்று ஆடும், ஆனால் கழன்று போகாது. இழுப்பைக் காப்பது அதன் வேலையே இல்லை. டர்போவுக்கு விற்கிற பல பூட்டுகள் கடையாணிகள்தான். நட்டின் தலைமேல் ஏற்றி மடக்கிவிடும் தகடு, போல்ட் தலையில் காடி வெட்டி அதில் மாட்டும் பிடிதகடும் கிளிப்பும், விமான இன்ஜினில் போல்ட் தலைகளைக் கோத்துக் கட்டும் கம்பி, எல்லாம் அந்த வகை. ஸ்வீடனில் 1982ல் தொடங்கிய நார்டு-லாக் நிறுவனத்தின் ஆப்பு வாஷர் கொஞ்சம் சாமர்த்தியமானது. இரண்டு வாஷர்களுக்கு நடுவே பல்பல்லாகச் சரிவு. அந்தச் சரிவு மரையின் சரிவைவிடச் செங்குத்து. நட்டு கழலத் திரும்பினால் அந்தச் சரிவில் ஏற வேண்டும், ஏறினால் போல்ட் இன்னும் இழுபடும், அதனால் திரும்பாது. அழகான யோசனை. ஆனால் கயிறு இளகும் நோய்க்கு அதிலும் மருந்து இல்லை.

கடையாணியை மட்டமாகச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அன்றைக்குக் கிருஷ்ணகிரியில் ஒரு மடக்குத் தகடு இருந்திருந்தால் டர்போ கசிந்திருக்கும், கரி படிந்திருக்கும். நட்டு விழுந்திருக்காது, டர்போ சாய்ந்திருக்காது. நான் வேலை பார்க்கிற உலகத்திலும் ஒரு புரோகிராம் செத்துச் செத்து விழுந்தால் தானாகத் திரும்ப எழுப்பிவிடும் காவல்காரன் உண்டு. அவன் இல்லாமல் எந்த சர்வரையும் விட்டுவிட்டுத் தூங்க மாட்டோம். ஆனால் ஏன் சாகிறது என்பதை அவனிடம் கேட்க முடியாது.

இழுப்பைக் காக்க என்ன வழி? வழி வெட்கப்படுகிற அளவுக்கு எளிது. போல்ட்டை நீளமாக்குவது. பிடிக்கும் நீளம் 30 மி.மீ. இருக்கையில் 0.06 மி.மீ. நீள்கிற ஸ்டட், நட்டுக்கு அடியில் 40 மி.மீ. குழல் ஒன்றைச் செருகி நீளத்தை 70 ஆக்கினால், அதே இறுக்கத்துக்கு சுமார் 0.15 மி.மீ. நீளும். இப்போது அதே 0.02 மி.மீ. போனால் ஏழில் ஒரு பங்குதான் இழப்பு. கூடவே நட்டும் சூட்டிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளிப் போய்விடுகிறது. பெரிய டீசல் இன்ஜின்களின் மேனிஃபோல்ட் போல்ட்டுகளில் இப்படிக் குழல் வைத்திருப்பதைப் பார்க்கலாம். நான் காகிதத்தில் வரைந்து காட்டியதும் மெக்கானிக் அண்ணன், "இது தெரிஞ்சதுதானுங்களே, திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டி இன்ஜின்ல இப்படித்தான் வரும். டீக்கடை கிளாஸ் கணக்கா ஒண்ணு நட்டுக்கடில இருக்கும். எதுக்குன்னுதான் தெரியாது" என்றார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு எந்தப் புத்தகத்திலும் கிடைக்காதது. வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, டர்போவைப் பார்க்காமல் வண்டிக்கு அடியில் படுத்துச் சைலென்சர் பைப்பைப் பிடித்தார். கொஞ்ச நேரம் பிடித்தபடியே இருந்தார்.

"நட்டு மேல குத்தமில்லீங். பைப்பு ஆடுது."

டர்போவிலிருந்து இறங்கும் பைப்பைத் தாங்க ஒரு பிராக்கெட் இருந்திருக்க வேண்டும். எப்போதோ உடைந்து எங்கோ விழுந்திருக்கிறது. நடுவில் வளைந்து கொடுக்க வேண்டிய பெல்லோஸ் துருவும் கரியும் ஏறி விறைத்துப்போயிருந்தது. ஆக, சைலென்சரின் பாரமும் ஆட்டமும் மொத்தமாக அந்த நான்கு ஸ்டட்டுகளைக் குறுக்குவாட்டில் உலுக்கிக்கொண்டிருந்தன. யுங்கர் தன் எந்திரத்தில் செய்ததை இந்தப் பைப் தேசிய நெடுஞ்சாலையில் செய்துகொண்டிருந்தது. முதல் தடவை நட்டு விழுந்தது அதனால். டபுள் நட்டு போட்டதும் திரும்புவது நின்றது, கயிறு இளகுவது நிற்கவில்லை. ஒரே இடத்தில் இரண்டு நோய். ஒன்றுக்கு மருந்து கொடுத்ததால்தான் மற்றது கண்ணுக்குத் தெரிந்தது.

வேலை இரண்டு நாள் பிடித்தது. பிராக்கெட்டும் பெல்லோஸும் புதிது. வெப்பத்தில் கோணியிருந்த இரண்டு முகங்களையும் மில்லிங்கில் கொடுத்துச் சமப்படுத்தினோம். முகம் கோணலாக இருந்தால் எந்த ஸ்டட்டும் எதுவும் செய்ய முடியாது. ஸ்டட்டுகள், இன்ஜின் கம்பெனி டர்போவுக்கென்றே தருகிற வெப்பம் தாங்கும் எஃகில், நீளமான அளவு. அடியில் குழல். நட்டுகள் செம்புப் பூச்சு போட்ட, முழுக்க உலோகத்திலான பூட்டு நட்டுகள். அவற்றின் மேல்வாயை லேசாக நசுக்கி வட்டத்தைக் குலைத்திருப்பார்கள். மரையைக் கவ்விக்கொண்டே ஏறும். சூட்டில் உருக அதில் எதுவும் இல்லை. செம்பு, மரை ஒட்டிக்கொள்வதைத் தடுக்கும். ஜெட் இன்ஜினில் இதே வேலைக்கு வெள்ளிப் பூச்சு. என் பாட்டி கம்மலின் திருகாணி தொலையாமல் இருக்க அதன் மரையில் நூல் சுற்றித் திருகுவாள். கவ்விப் பிடிக்க வைக்கிற அதே உத்திதான். கடைசியாக, இரண்டிரண்டு நட்டுகளைச் சேர்த்து ஒரு மடக்குத் தகடு. எல்லாவற்றையும் சரியாகச் செய்த பிறகும் கடையாணி வேண்டும் என்று மாமா பிடிவாதம் பிடித்தார். நானும் மறுக்கவில்லை.

டார்க் ரென்ச் பட்டறையில் இல்லை, பக்கத்துப் பட்டறையில் இரவல் வாங்கினோம். மெக்கானிக் அண்ணனுக்கு அதில் நம்பிக்கையில்லை. "கைக்குத் தெரியாததா இதுக்குத் தெரியப்போவுது" என்றபடியே, குறுக்குக் குறுக்காக, மூன்று தவணையில் இறுக்கினார். ஒரு சுற்று ஓட்டிச் சூடாக்கி, முழுக்க ஆறவிட்டு, மறுபடி ஒருமுறை. அப்புறம் உளிக்கோடு.

இந்த நட்டுகளில் ஒரு நிபந்தனை உண்டு. கழற்றினால் திரும்பப் போடக் கூடாது. ஒவ்வொரு தடவை கழற்றும்போதும் கவ்வும் பலம் குறையும். நம் பட்டறைகளில் இது எளிதில் ஏறாது. நல்லா இருக்கிற நட்டை ஏன் தூக்கிப்போட வேண்டும்? அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2023ல் போட்ட உத்தரவு ஒன்றைப் படித்தபோது எனக்கு இது நினைவுக்கு வந்தது. டர்போ வைத்த சிறு விமானங்களில், டர்போவையும் புகைக் குழாயையும் சேர்த்துப் பிடிக்கும் வி-பேண்ட் கிளாம்ப்புகளில் ஸ்பாட் வெல்டிங் செய்த பல துண்டு வகை விரிசல் விட்டு உடைந்து தீப்பிடித்திருக்கிறது. இனி அந்த வகையை 500 மணி நேரத்துக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்றார்கள். கழன்றுவிடுமோ என்று இறுக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பதைவிட, தேதி வைத்துத் தூக்கிப்போடுவது மலிவு. மாமா தன் டைரியில் 'டர்போ நட்டு – புதுசு மட்டும்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறார்.

வண்டி அதற்குப் பிறகு இரண்டு வருஷம் கரி இல்லாமல் ஓடியது. தொப்பூர் நேரத்தில் மாமா முழிப்பது எப்போது நின்றது என்று தெரியவில்லை. அத்தையிடம் கேட்டால், "அதெல்லாம் இப்பக் குறட்டைதான்" என்கிறார். டிரைவர் அண்ணன் மட்டும் இன்னும் டீக்கடையில் மூடியைத் தூக்கித் தட்டிப் பார்க்கிறார். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

போன மாதம் வேறொன்று. மேனிஃபோல்டை இன்ஜின் ஹெட்டோடு பிடிக்கும் ஸ்டட் வரிசையில் கடைக்கோடியில் இருப்பது உடைந்துவிட்டது. கோடியில் இருப்பதுதான் உடையும். 600 மி.மீ. நீள வார்ப்பிரும்பு 600 டிகிரி சூடேறினால் நான்கு மி.மீ. நீளும். தண்ணீர் சுற்றும் ஹெட் 100 டிகிரியைச் சுற்றியே இருப்பதால் அரை மி.மீ. தான். நடுவில் இருப்பவனுக்குத் தெரியாது, ஓரத்தில் இருப்பவன் ஒவ்வொரு மேட்டுக்கும் வளைந்து நிமிர வேண்டும். பெரிய இன்ஜின்களில் மேனிஃபோல்டையே இரண்டு மூன்று துண்டாக்கி, ஒன்றுக்குள் ஒன்று வழுக்குகிற மாதிரி செருகி வைப்பது இதற்காகத்தான். மாமா வண்டியிலும் அப்படித்தான். ஆனால் அந்த வழுக்கும் இடம் கரியேறி இறுகிவிட்டிருந்தது. ஆட வேண்டிய இடம் ஆடவில்லை, அதனால் ஆடக் கூடாத இடம் உடைந்தது.

உடைந்த துண்டு ஹெட்டுக்குள் முகத்தோடு முகமாக நின்றுவிட்டது, பிடிக்க ஒன்றுமில்லை. மெக்கானிக் அண்ணன் அதன்மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் ஓட்டை வழியாக வெல்டிங் பற்றவைத்தார். நட்டு செக்கச்செவேலென்று ஆகி, கறுத்து, ஆறுகிறவரை பீடி பிடித்துக்கொண்டிருந்தார். சூட்டில் நீண்டு, ஆறிச் சுருங்கும்போது துரு விட்டுக்கொடுக்கும். பிறகு ஸ்பேனரை வைத்து, அவசரமில்லாமல், முன்னே கொஞ்சம் பின்னே கொஞ்சமாகத் திருப்பினார். மூன்றாவது நட்டில் வந்தது.